மூன்றாம் ஓலை

தனிஸ்லாஸுக்குப் பிடிக்காதது என்று உலகத்தில் எதுவும் கிடையாது. அவனுடைய கோளாறே அதுதான். கண்ணில் பட்டது எதுவானாலும் அதில் விழுந்துவிடுவான். விழுந்துவிட்டால் சோறு தண்ணீர் தெரியாது. மூன்று மாதம், மிஞ்சினால் நான்கு. அதற்குப் பிறகு அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான்.

வில்லியனூருக்குத் தெற்கே, ஒரு மாதா கோயிலும் அறுபது கிறிஸ்தவ வீடுகளுமாக இருந்த அந்தச் சின்ன ஊரில் இது எல்லோருக்கும் தெரியும். அன்னாமேரிக்கு மற்றவர்களைவிட நன்றாகத் தெரியும். அவள் ஊர்ப் பால் சொசைட்டியில் பால் அளப்பவள். விடிந்தும் விடியாமலும் பாத்திரத்தோடு வரிசையில் நிற்கிற பெண்களுக்குப் பேச விஷயம் வேண்டும். பாதி நாள் தனிஸ்லாஸ்தான் விஷயம்.

ஒரு காலத்தில் ஓமியோபதி. புதுச்சேரி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் அட்டை கிழிந்த புத்தகம் ஒன்றை வாங்கி வந்தான். ஒரே மாதத்தில் வாசலில் பலகை தொங்கியது. சிங்காரவேலு என்கிற விவசாயி காலில் இருந்த கரப்பானுக்கு இரண்டு மாதம் அவனிடம் வெள்ளை உருண்டை வாங்கித் தின்றார். மூன்றாம் மாதம் போனபோது தனிஸ்லாஸ் கூரைமேல் நின்று புறாக்கூண்டுக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தான்.

"அதெல்லாம் வுட்டாச்சு அண்ணே. அது ஏமாத்து வேல," என்று மேலே இருந்தபடியே சொன்னான். யாரிடம் சொல்கிறோம் என்ற கூச்சம்கூட இல்லை. சிங்காரவேலு காலைச் சொறிந்துகொண்டே வீடு திரும்பினார்.

புறா நாற்பது இருந்தன. ஒவ்வொன்றுக்கும் பெயர், முட்டையிட்ட தேதி, எல்லாம் நோட்டில் எழுதி வைத்தான். அப்புறம் கராத்தே வந்தது. தீனி வைக்க மறந்துபோனான். அவனுடைய அம்மா ரோசம்மாள் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கூண்டைத் திறந்துவிட்டாள். புறாக்கள் போகவில்லை. வாசலைப் பார்த்தபடி கூரை மோட்டில் உட்கார்ந்து இளைத்தன. ஊர்ப் பூனைகளுக்கு அது நல்ல வருஷம். கீழே அவன் சொந்த மாட்டுக்கொட்டகை ஓடுகளையே அடுக்கி வைத்துக் கையால் உடைத்துக்கொண்டிருந்தான். மணிக்கட்டு பிசகியதும் கராத்தேயும் ஏமாற்று வேலை ஆகிவிட்டது.

ஆனால் அவனை ஊரில் யாரும் திட்டவில்லை. அன்னாமேரிக்கு எரிச்சல் அதில்தான். அப்பன் விட்டுப்போன ஆறு காணி நிலம், கரும்பு, ஒரே பிள்ளை. காணி இல்லாத ஒருவன் இந்த ஆட்டம் ஆடியிருந்தால் பைத்தியம் என்று சொல்லி ஏர்வாடிக்கு அனுப்பியிருப்பார்கள். இவனை "ஆர்வம் ஜாஸ்தி" என்றார்கள்.

எழுபத்தேழாம் வருஷ மழைக்காலத்தில் அவன் சொசைட்டிக்கு வந்தான். பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்று பிரான்சிலிருந்து வந்த மாமன் ஒருவர் தகர டப்பாவில் பால்கட்டி கொண்டுவந்திருந்தார். ஒரு துண்டு தின்றதும் இவனுக்கு அது பிடித்துக்கொண்டது. தானே செய்தாக வேண்டும்.

"இதுல எது கெட்டியான பாலுங்க?" என்று வரிசைக்குக் குறுக்கே வந்து நின்று கேட்டான்.

"எல்லாம் பால்தான். வரிசைல வாங்க."

"இல்லீங்க, கொழுப்பு ஜாஸ்தியா..."

"கொழுப்பு வேணும்னா எருமகிட்ட போய் கேளுங்க."

வரிசையில் நின்ற ராமாயி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தனிஸ்லாஸ் கோபித்துக்கொள்ளவில்லை. சட்டைப் பையிலிருந்து நோட்டை எடுத்து "எருமை" என்று எழுதிக்கொண்டான். இப்படியும் ஒரு மனிதனா என்று நினைத்துக்கொண்டே அன்னாமேரி அடுத்த பாத்திரத்தை வாங்கினாள்.

தினமும் வந்தான். பாலை எலுமிச்சம்பழம் பிழிந்து திரித்து, அம்மாவின் பழைய புடவையில் மூட்டை கட்டி, உத்தரத்தில் வரிசையாகத் தொங்கவிட்டான். ஐந்தாவது வாரம் பக்கத்து வீட்டுக்காரர் கிணற்றில் எதுவோ விழுந்து செத்துவிட்டதென்று ஆள் விட்டுத் தேடினார். கடைசியில் ரோசம்மாள் மூக்கைப் பிடித்துக்கொண்டு எல்லா மூட்டையையும் அறுத்துக் கொண்டுபோய்க் குப்பையில் புதைத்தாள். நாய் தோண்டியது. தோண்டிவிட்டு நாயும் போய்விட்டது.

அதோடு அவன் வருவது நின்றுவிடும் என்றுதான் அன்னாமேரி நினைத்தாள். நிற்கவில்லை. பாத்திரம் இல்லாமல் வந்தான்.

"நீங்க ஏன் எடது கையால எழுதறீங்க?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"சோத்துக்கையால எழுத வரல."

"சோத்துக்கையில அந்தத் தழும்பு?"

"கொதிக்கிற பால்."

"எத்தன வயசுல?"

அன்னாமேரிக்கு அந்த மழைக்காலத்தில் இருபத்தேழு முடிந்திருந்தது. பெண் பார்க்க வந்தவர்கள் ஏழு பேர். ஏழு பேரும் நிறம் பார்த்தார்கள், அப்பா மரியதாஸுக்கு மில்லில் இன்னும் எத்தனை வருஷம் வேலை இருக்கிறது என்று விசாரித்தார்கள், வீட்டுக்குப் போய் யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள். ஒருவனும் அவளிடம் எதுவும் கேட்டதில்லை. இவன் எல்லாவற்றையும் கேட்டான். எந்தச் செருப்பு முதலில் தேயும், சின்ன வயதில் எதற்குப் பயம், கருவாட்டில் எந்தக் கருவாடு. பதில் சொன்னால் கண் விரிந்து கேட்டான். கேட்டதை எழுதினான். ஒரு ஆளை இவ்வளவு கவனிக்க முடியும் என்பதே அவளுக்குத் தெரியாது.

அவனை அவள் மதிக்கவில்லை. ஓமியோபதியும் புறாவும் அவளுக்கு மறந்துவிடவில்லை. பதில் சொல்லச் சொல்லத் தன்னையும் கொஞ்சம் கேவலமாகத்தான் நினைத்தாள். ஆனாலும் சொன்னாள். மனுஷி வேறு, பால்கட்டி வேறு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கல்யாணம் என்று ஆகிவிட்டால் ஆண்பிள்ளை ஓரிடத்தில் நிற்பான் என்று ஊரில் எல்லா மூடர்களும் சொல்வதை அவளும் நம்பிப் பார்த்தாள்.

ஜனவரியில் மூன்று ராசாக்கள் திருநாளுக்கு மறுநாள் ரோசம்மாள் பெண் கேட்டுத் தட்டோடு வந்தாள். அன்னாமேரியின் அம்மா அன்னாள் சந்தோஷத்தில் இரண்டு முறை காபி போட்டு இரண்டு முறையும் சர்க்கரை போட மறந்தாள். பிப்ரவரி ஒன்றாம் தேதி புதன்கிழமை கல்யாணம் என்று பேசி முடித்தார்கள். அதற்கு அடுத்த புதன் விபூதி புதன். அன்றிலிருந்து ஈஸ்டர் வரை தபசுகாலம். கோயிலில் தாலி கட்ட மாட்டார்கள். அதனால் இந்தத் தேதியை விட்டால் ஈஸ்டர் கழித்துத்தான்.

கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு பூசையில் ஓலை படிப்பார்கள். இன்னாருடைய மகனுக்கும் இன்னாருடைய மகளுக்கும் திருமணம் நடக்க இருக்கிறது, தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று உபதேசியார் எல்லோர் முன்னாலும் வாசிப்பார். ஒரு தடவை ஓலையில் பெயர் ஏறிவிட்டால் அந்தப் பெண் பாதிக் கல்யாணம் ஆனவள். அப்புறம் கல்யாணம் நின்றால், நிறுத்தியது யாராக இருந்தாலும், வேறு யாரும் அவள் வீட்டுப் படியேற மாட்டார்கள்.

முதல் ஓலை படித்த ஞாயிறு, ஆண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தனிஸ்லாஸ் திரும்பித் திரும்பி அவளையே பார்த்தான். நற்கருணை நேரத்திலும் பார்த்தான். பெண்கள் முக்காட்டுக்குள் சிரித்தார்கள். இரண்டாம் ஓலைக்கும் அப்படித்தான். அன்னாமேரி தலையைக் குனிந்துகொண்டாள், வெட்கத்தில் என்று எல்லோரும் நினைத்தார்கள். பாதி அது உண்மைதான்.

மறுநாள் திங்கட்கிழமை. மடுகரையில் செல்லப்பன் என்று ஒருவர் பேண்டு செட் வைத்திருந்தார். கல்யாணத்துக்கு அவரைச் சொல்லிவிட்டு வர தனிஸ்லாஸ் சைக்கிளில் போனான். போனவன் பொழுது சாய்ந்து வந்தான். செவ்வாய் மறுபடி போனான். புதன் சொசைட்டிப் பக்கம் தலை காட்டவில்லை. வியாழக்கிழமை ரோசம்மாள் வந்து வாசலிலேயே நின்றாள்.

"கல்யாணத்த ஈஸ்டர் கழிச்சி வெச்சிக்கலாம்னு சொல்றான்," என்றாள் கண்ணைப் பார்க்காமல்.

அன்னாள் முறத்தைக் கீழே வைத்தாள். "ரெண்டு ஓலை படிச்சாச்சே, அண்ணி!"

"மூணாவதும் படிக்கட்டும். ஆறு மாசத்துக்கு ஓலை செல்லும்னு கோயில் சாமியாரக் கேட்டுகினு வந்துட்டான். அதுல எந்தக் கொறையும் இல்ல."

"எதுக்குத் தள்ளிப் போடணுமாம்?" என்று உள்ளேயிருந்து அன்னாமேரி கேட்டாள்.

ரோசம்மாள் முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டாள். "கிளாரினெட் கத்துக்கிறானாம்."

வெள்ளிக்கிழமை காலைப் பால் முடிந்ததும் அன்னாமேரி மடுகரைக்கு பஸ் ஏறினாள். செல்லப்பன் வீட்டைத் தேட வேண்டியிருக்கவில்லை. கன்றுக்குட்டியைக் கழுத்தை நெரிப்பது போன்ற ஒரு சத்தம் வந்த திசையில் நடந்தாள். டிரம்கள் தொங்கிய கீற்றுக் கொட்டகையில் தனிஸ்லாஸ் பெஞ்சியில் உட்கார்ந்து கன்னம் உப்ப ஊதிக்கொண்டிருந்தான். செல்லப்பன் வெளியே வேப்பங்குச்சியோடு குந்தியிருந்தார்.

"நீதான் பொண்ணா? நல்லதாப் போச்சு. வந்து இட்டுகினு போம்மா," என்றார். "காலைல ஆறு மணிக்கு வந்து குந்திக்கிறாரு. நேத்து பண்டசோழநல்லூர்ல ஒரு சாவு. அங்கயும் பின்னாலயே வந்துட்டாரு. மாப்ளயா லட்சணமா ஒரு சட்ட போட்டுகினு, பொணத்துக்கு முன்னால என் விரலயே பாத்துகினு நடக்கறாரு."

"மேரி! வா வா!" என்று உள்ளேயிருந்து தனிஸ்லாஸ் கூவினான். அவள் எப்படி வந்தாள், ஏன் வந்தாள் என்று கேட்கவில்லை. "இத கேளு." ஊதினான். "கேட்டியா? அது 'ச'. முந்தாநேத்து வரவே இல்ல. வாயில வெக்கிற இந்த ரீட நாக்கால தொடணும், ஆனா தொடவும் கூடாது. புரியுதா?"

"கல்யாணத்தத் தள்ளிப் போட்டீங்களாமே."

"ஆமா, அதத்தான் சொல்ல வந்தன். நம்ம கல்யாணத்துல நானே ஊதப்போறன். மாப்ள ஊதற கல்யாணம் எங்கனா பாத்திருக்கியா நீ? அதுக்கு மூணு மாசமாச்சும் வேணும்."

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா?"

"உங்கிட்ட இன்னா கேக்கறது? சந்தோஷப்படுவன்னு நெனச்சன்." அவன் கண் அவள் முகத்தில் இல்லை, கிளாரினெட்டின் வெள்ளிப் பொத்தான்களில் இருந்தது. "இரு, ரீட நனச்சிகினு வர்றன்," என்று தொட்டிப் பக்கம் போனான்.

பெஞ்சியில் நோட்டு கிடந்தது. அன்னாமேரி எடுத்துப் புரட்டினாள். முன்பக்கங்களில் பால்கட்டி: எந்த மாட்டுப் பால், எத்தனை எலுமிச்சம்பழம், எத்தனை நாள் தொங்கவிட்டது. அதற்கு அடுத்து அவள். "அ.மே. இடது கை. நெத்திலிக் கருவாடு பிடிக்கும், இறால் ஆகாது. சிரித்தால் வாயை மூடுகிறது. பொய் சொல்லும்போது மூடுவதில்லை." இப்படியே போனது. கடைசி வரி: "கல்யாணம் – மடுகரை செல்லப்பன், பேண்டு சொல்லணும்." பக்கத்தைத் திருப்பினாள். கிளாரினெட் படம், எந்தத் துளைக்கு எந்த விரல் என்று அம்புக்குறியோடு அழகாக வரைந்திருந்தது.

அவள் எண்ணிப் பார்த்தாள். பால்கட்டிக்குப் பதினாலு பக்கம். அவளுக்குப் பதினொன்று.

அழுகை வரவில்லை. நாற்றமெடுத்து நாயும் தொடாத ஒரு சாமானுக்கு மூன்று பக்கம் குறைவாக இருக்கிறோமே என்றுதான் நினைத்தாள். கெட்டவனாக இருந்தால்கூடச் சண்டை போடலாம். இவனிடம் சண்டை போட ஆளே இல்லை. எரிகிற இடத்துக்கு ஓடும் விட்டில்தான் இருந்தது. நோட்டை இருந்த இடத்தில் வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

"எத்தன நாள்ல கத்துக்குவாரு?" என்று செல்லப்பனைக் கேட்டாள்.

அவர் குச்சியைத் துப்பினார். "இந்த ஆளா? காதே கெடையாதும்மா. பத்து வருஷம் ஊதினாலும் இதே கன்னுக்குட்டிதான். ஆனா வுட மாட்டாரு போலருக்குது."

"வுட்டுருவாரு."

"எப்ப?"

"ஈஸ்டருக்குள்ள," என்று சொல்லிவிட்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள். உள்ளே கன்றுக்குட்டி மறுபடி கத்தத் தொடங்கியது. அவள் போனதை அவன் கவனித்திருக்க மாட்டான்.

அவள் கணக்கு எளிமையானது. இப்போது மூன்றாம் ஓலையும் படித்துவிடுவார்கள். ஈஸ்டர் வரும். அதற்குள் கிளாரினெட் உத்தரத்தில் தொங்கும், இவன் தேனீயோ தூண்டிலோ பிடித்துக்கொண்டு எங்காவது நிற்பான். ரோசம்மாள் ஊர் வாய்க்குப் பயந்து அவனை இழுத்துவந்து தாலி கட்ட வைப்பாள். அதன் பிறகு அந்தப் புறாக்களைப் போல அவளும் கூரை மோட்டில் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

சனிக்கிழமை வீட்டில் சொன்னாள். அன்னாள் மார்பில் அடித்துக்கொண்டாள்.

"ஏன்டி, குடிக்கிறானா? அடிக்கிறானா? பீப்பி ஊதறான், அவ்ளோதானே! ஊதிட்டுப் போறான்!"

"ஊதறதுக்காக இல்லம்மா."

"பின்ன எதுக்கு? இதோட எட்டாவது. இனிமே எவன்டி வருவான்?"

"எவனும் வர மாட்டான்," என்றாள் அன்னாமேரி. அது அவளுக்குத் தெரியாததல்ல.

மரியதாஸ் மட்டும், "சாமியாராண்ட தனியா போய் சொல்லிடலாமே," என்றார். அதையும் அவள் யோசித்திருந்தாள். தனியாகச் சொன்னால் சாமியார் ஆறுதல் சொல்லுவார். ஓலை சத்தமில்லாமல் நிற்கும். அடுத்த நாளே ரோசம்மாள், "எம் புள்ளதான் வேணாம்னுட்டான்" என்று குழாயடியில் சொல்லுவாள், ஊர் நம்பும். கல்யாணம் போகட்டும். ஆனால் இவன் விட்டுப்போன சாமான்களின் வரிசையில் தன் பெயரும் சேர்வதை அவளால் தாங்க முடியாது.

ஞாயிறு பூசையில் கோயில் நிறைந்திருந்தது. தனிஸ்லாஸ் அன்று ஆண்கள் பக்கத்தில் உட்காரவில்லை. பாடகர்களோடு ஆர்மோனியத்துக்குப் பக்கத்தில் இடம் பிடித்து, வாசிப்பவரின் விரல்களைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். பிரசங்கம் முடிந்ததும் உபதேசியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுந்தார். இரண்டு பேரின் பெயரையும் வாசித்தார். "இது மூன்றாம் ஓலை. இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதேனும் அறிந்தவர்கள் அதை அறிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள்."

அந்த ஊரில் இதுவரை யாரும் அறிவித்ததில்லை. அதனால் அவர் காகிதத்தை மடித்துக்கொண்டே உட்காரப் போனார்.

"தடை இருக்குது," என்று பெண்கள் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

சாமியார் பீடத்திலிருந்து எட்டிப் பார்த்தார். "யாரும்மா அது?"

"பொண்ணு, சாமி."

"எந்தப் பொண்ணு?"

"ஓலையில இருக்கிற பொண்ணு."

அன்னாள் அவள் புடவையைப் பிடித்து இழுத்தாள். எழுந்து நின்ற அன்னாமேரி அசையவில்லை. முன்னால் இருந்த பெஞ்சியைப் பிடித்துக்கொண்டாள்.

"என்ன தடை?"

"எனக்கு இஷ்டம் இல்ல."

கோயில் மொத்தமும் திரும்பியது. சாமியார் குரலைத் தாழ்த்தினார். "இதைப் பூசை முடிந்து வந்து சொல்லலாமே, அம்மா."

"ரெண்டு வாரமா எல்லார் முன்னாலயும்தானே படிச்சீங்க, சாமி. இதுவும் எல்லார் முன்னாலயும் இருக்கட்டும்."

கோயிலில் இதைக் கேட்காதவன் ஒரே ஒருவன்தான். பக்கத்தில் இருந்தவன் முழங்கையால் இடித்துக் காதில் சொன்ன பிறகுதான் தனிஸ்லாஸ் ஆர்மோனியத்திலிருந்து தலையைத் தூக்கினான். அவளைப் பார்த்தான். அவமானப்பட்ட ஆணின் முகத்தை அவள் எதிர்பார்த்தாள். அது வரவில்லை. மழைக்காலத்தில் சொசைட்டி வாசலில் நின்றபோது இருந்ததே, அந்த முகம் வந்தது. கண் விரிந்து, வாய் லேசாகத் திறந்து.

பூசை முடிந்து அவள் வாசற்படி இறங்குவதற்குள் ஓடி வந்துவிட்டான். ரோசம்மாள் ஒரு பக்கம் மண்ணை வாரித் தூற்றிக்கொண்டிருந்தாள். அவன் அதைக் கவனிக்கவே இல்லை.

"எப்டி மேரி எழுந்த? பயமா இல்லியா? எத்தன நாளா நெனச்சிகினு இருந்த? சொல்லும்போது நாக்கு ஒலரலியா?"

அன்னாள் மகளின் கையைக் கிள்ளினாள். "பாருடி, எப்டிக் கெஞ்சறான்!"

"கெஞ்சலம்மா. பாடம் கேக்கறாரு."

"கிளாரினெட்ட வுட்டுர்றன், மேரி. சத்தியமா," என்றான் தனிஸ்லாஸ்.

"வுட்டுருவீங்க. தெரியும்," என்று சொல்லிவிட்டு அவள் நடந்தாள். அவள் வீடு வரை அவன் பின்னாலேயே கேள்வி கேட்டுக்கொண்டு வந்தான். ஊரில் அன்றைக்கே அவளுக்கு ஓலைக்காரி என்று பெயர் வைத்துவிட்டார்கள். சாகும்வரை அது போகாது.

மறுநாள் விடியும்போது சொசைட்டி வாசலில் நின்றான். அதற்கு மறுநாளும். மடுகரைக்குப் போவதை நிறுத்திவிட்டான் என்று ராமாயி சொன்னாள். ஒன்பது நாள் வந்தான். வாசலோரம் நிற்பான், கேட்பான், எழுதிக்கொள்ளப் பார்ப்பான். அவள் பாலை மட்டும் பார்த்தாள். ஒரு நாளும் ஒரு வார்த்தையும் கொடுக்கவில்லை. அதில் அவளுக்குப் பெருமைதான்.

பத்தாம் நாள் விபூதி புதன். கோயிலுக்குப் போய் நெற்றியில் சாம்பலோடு வந்த பெண்கள் வரிசையில் நின்றார்கள். அவன் வரவில்லை. பாகூர்ப் பக்கம் யாரிடமோ பாம்பு பிடிக்கக் கற்றுக்கொள்ளப் போயிருக்கிறான் என்று பேசிக்கொண்டார்கள்.

அன்னாமேரி அவன் வழக்கமாக வருகிற சந்துப் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். ஈஸ்டர் வரைக்குமாவது தாங்குவான் என்று உள்ளுக்குள் ஒரு கணக்கு இருந்திருக்கிறது என்பது அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது. காறித் துப்ப வேண்டும் போலிருந்தது, அவன்மேல் அல்ல. அப்படி நினைத்துக்கொண்டிருக்கும்போதே கழுத்து மறுபடியும் அந்தப் பக்கம் திரும்பியது.

"யாரத் தேடற?" என்றாள் ராமாயி.

"ஒருத்தரயும் இல்ல," என்றாள் அன்னாமேரி. "பாத்திரத்த நேரா புடி."